பிள்ளைக்குக் கடும் நோய் கண்ட வீடு

மழநாட்டை ஆண்ட கொல்லிமழவன் என்னும் சிற்றரசனுடைய இளம் மகளை முயலகன் என்ற நோய் பற்றியது. அது வலிப்பு நோயே என்று கருதுவோர் பலர். மன்னன் தன் குலமரபுப்படி மகளைத் திருப்பாச்சிலாச்சிராமக் கோயிலுக்குள் கொண்டுவந்து சிவபெருமான் திருமுன் கிடத்தினான். திருச்சிராப்பள்ளிக்கு அருகே, கொள்ளிடத்தின் வடகரையில் இன்று திருவாசி என்று வழங்கும் ஊர் அது. அவ்வேளை திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் அவ்வூருக்கு எழுந்தருளினார். உணர்விழந்து நிலத்திற் கிடந்த பெண்ணைக் கண்டதும் இது என்ன என்று அவர் வினவியதாகவும், மழவன் நோயின் தன்மையை எடுத்துச் சொன்னதாகவும், பின் நாயனார் பதிகம் பாட அவள் பிணி நீங்கி எழுந்ததாகவும் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்திற் கூறுகின்றார். அத்தலத்து நடராசப் பெருமானின் திருவடியின் கீழ் முயலகன் இல்லை, பாம்பே இருக்கிறது. தரிசித்து வந்த அன்பர்கள் அதைக் கவனித்திருப்பார்கள்.

இவ்வரலாற்றை நாம் பெரும்பாலும் அற்புதம் என்ற அளவிலே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து விடுகின்றோம். இம்முறை வேறொன்றைக் கவனிப்போம். நாயனார் அந்தத் தகப்பனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: இது என்ன? எந்தப் பாவத்தால் வந்தது, முற்பிறப்பில் யார் என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. முதலாம் திருமுறையிலுள்ள அப்பதிகத்தைப் படித்துப் பாருங்கள். இந்தப் பெண்ணை வாட வைப்பது உமது பெருமைக்குத் தகுமோ என்று திரும்பத் திரும்ப இறைவனையே கேட்கின்றார். தகப்பன் மீதோ தாய் மீதோ ஒரு சொல் இல்லை.

இங்கே ரொறன்ரோவில் நமது மண்டபத்து நடைமுறை எப்படியிருக்கிறது? நான் அறிந்த ஒரு குடும்பத்தில் நாலு வயதுப் பெண்பிள்ளைக்கு வெண்குருதிப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் மற்ற விபரங்களையும் தவிர்க்கிறேன். செய்தி பரவிய முதல் வெள்ளிக்கிழமையே அந்தத் தாயிடம் கேட்கப்பட்டவை இவை: “சாதகம் பார்ப்பிச்சனீங்களோ?” “வயித்தில இருக்கேக்க கிரகணம் பாத்தனீரோ?” “மைக்ரோவேவில சூடாக்கித்தான் குடுத்து வந்தனீரோ பிள்ளை?” கேட்டவர்கள் எவரும் கெட்டவர்கள் அல்லர். எல்லோரும் அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆனால் அந்தத் தாய் அதன்பின் எட்டு மாதம் கோயிற்பக்கம் வரவில்லை. பிள்ளை வர இயலாதென்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தை நாம் சிந்திக்க வேண்டும்.

கன்மம் என்பது சைவசித்தாந்தத்தில் உள்ளதுதான். தன் வினையைத் தான் எண்ணித் திருந்துவதற்காகச் சொல்லப்பட்டது அது. அடுத்த வீட்டாரின் ஏட்டைத் திறந்து கூட்டிக் கழிப்பதற்கு நமக்கு எவரும் அதிகாரம் தரவில்லை. ஒருவருடைய வருமானவரிக் கோப்பைப் பார்ப்பதற்குக்கூடக் கணக்காளனாகிய எனக்கு அவர் ஒப்பமிட்ட அனுமதி வேண்டும்!

ஆகவே நாயனாரின் கேள்வியையே நாமும் எடுத்துக்கொள்வோம். இது என்ன?

சிறுவர்க்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படுவது லியூக்கேமியா. அதிலும் லிம்போபிளாஸ்ரிக் லியூக்கேமியா எனப்படும் தீவிர வகையே கூடுதல். இரண்டு முதல் ஐந்து வயதுக்கிடையில் அதிகமாக வரும். எலும்பு மச்சைக்குள் முதிராத வெண்குருதிக் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி, நல்ல கலங்களுக்கு இடமில்லாமற் செய்துவிடும். செங்குருதிக் கலம் குறைவதால் பிள்ளை வெளிறிச் சோர்ந்து போகும். குருதிச் சிறுதட்டுக்கள் குறைவதால் தட்டாமலே நீலங்கட்டும். நோயெதிர்க்கும் கலங்கள் குறைவதால் காய்ச்சல் விட்டு விட்டு வரும். கால் நோகுது என்று சொல்லி நடக்க மறுக்கும் பிள்ளைகளும் உண்டு. இது தொற்று நோயன்று. தாய் உண்டதாலோ ஊட்டியதாலோ வருவதும் அன்று. பெரும்பாலான பிள்ளைகளில் ஒரு கலத்தின் மரபணுவில் தற்செயலாக நிகழும் மாற்றமே இதன் தொடக்கம். அடுத்த பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சி உறவினர் விலகி நிற்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

1960களின் தொடக்கத்தில்கூட இந்நோய் கண்ட பிள்ளைகளில் மிகச் சிலரே நிலைத்துப் பிழைத்தனர். இன்று கனடா போன்ற நாடுகளில் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். இம்மாற்றத்தில் நமக்குப் பரிச்சயமான இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற ஆந்திர நாட்டவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடையில் அறுவைச் சிகிச்சை செய்ததால் அவருக்கு முழுப் பட்டம் கிடைக்காமற் போயிற்று என்பது வரலாறு. பின்னர் அவர் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுகூடத்தில் தலைமையேற்றபோது அங்கு உருவான அமினொப்டரின் என்ற மருந்தை, பொஸ்ரன் நகரில் சிட்னி பாபர் என்ற வைத்தியர் 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று 1948இல் அறிவித்தார். அத்தணிவு தற்காலிகமானதே. ஆயினும் மருந்தால் இந்நோயை அசைக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மருந்தின் வழிவந்த மெதொட்ரெக்சேற் இன்றும் இந்நோய்க்குக் கொடுக்கப்படுகிறது. மற்றச் சங்கதி, நாம் ஊரிலே பட்டிப்பூ என்றும் நித்தியகல்யாணி என்றும் சொல்லும் செடி. பூசைக்குக் கொய்த அந்தப் பூவின் செடியிலிருந்தே வின்கிறிஸ்ரின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டு 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில இடங்களில் இதற்குச் சுடுகாட்டு மல்லிகை என்றும் பெயர். (இதை வாசித்துவிட்டு யாரும் பட்டிப்பூ இலையை அவித்துக் கொடுக்க வேண்டாம். அச்செடி நஞ்சு. மருந்து வேறு, கஷாயம் வேறு.)

சிகிச்சை இரண்டு ஆண்டுக்கு மேல் நீளும். முதல் நாலைந்து வாரம் கடுமையானது. அதன்பின் சில மாதங்கள் வைத்தியசாலைக்குப் போவதும் வருவதுமாக இருக்கும். எஞ்சிய காலம் முழுவதும் பெரும்பாலும் வீட்டிலேயே நாள்தோறும் குளிசை. 2024இல் வெளியான ஆய்வின் பின் பிளினற்றுமாப் என்ற மருந்தையும் பல பிள்ளைகளுக்குச் சேர்க்கிறார்கள். அது நாலு வாரம் இடைவிடாமல் ஏறுவதால் சிறு பை ஒன்றைத் தோளில் மாட்டியபடி பிள்ளை விளையாடித் திரியும். பார்ப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. ஸ்ரெறொயிட் கொடுக்கும் நாட்களில் பிள்ளைக்குப் பசியும் கோபமும் கட்டுக்கடங்கா. இரவு இரண்டு மணிக்கு எழுந்து சோறும் சொதியும் கேட்கும். முகம் ஊதும். “இப்ப நல்லாக் கொழுத்திட்டா” என்று அப்போது சொல்ல வேண்டாம்.

வீட்டுக் குளிசையே இந்த வைத்தியத்தின் உயிர்நாடி என்பேன். மேர்க்கப்ரோபியூரின் என்ற குளிசையில் நூற்றுக்கு 95 பங்குக்குக் குறைவாக உட்கொண்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்துக் கூடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். தகப்பன் இரவு வேலை, தாய் பகல் வேலை, இடையில் அம்மம்மா என்றிருக்கும் நம் வீடுகளில் “நீர் குடுத்திருப்பீர் எண்டு நினைச்சன்” என்பது மிக எளிதாக நடக்கும். ஒரு கொப்பி வாங்கிக் கோடு போடுங்கள். திகதி, நேரம், குளிசை, கொடுத்தவர் கையெழுத்து, உடல் வெப்பம். அவ்வளவே. இரண்டு தரம் கொடுத்துவிடுவதும் ஆபத்தே, அதையும் இக்கொப்பி தடுக்கும். ஆசிய மக்கள் சிலருக்கு மரபணு வேறுபாட்டால் இதே மருந்து மிகுதியாகத் தாக்கும். அதற்கெனப் பரிசோதனை உண்டு. செய்தாயிற்றா என்று வைத்தியரைக் கேட்பதில் தவறில்லை.

காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் உடனே வைத்தியசாலைக்கு அழைக்க வேண்டும். 38 பாகையைத் தாண்டினால் என்ன செய்வதென்று எழுதிக் கையில் தந்திருப்பார்கள். அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். ரைலனோல் கொடுத்து விடியுமட்டும் பார்ப்போம் என்பது நாம் பழகிய வழக்கம். இந்தப் பிள்ளைக்கு அது கூடாது. குளிசை காய்ச்சலை மறைக்கும், கிருமி மறையாது. கொப்பளிப்பான் அல்லது சின்னமுத்து கண்ட பிள்ளையோடு பழகியிருந்தாலும் அன்றே அறிவிக்க வேண்டும்.

கோயில் சம்பந்தமாகவும் சில சொல்ல வேண்டும். இவை பற்றி வீட்டுக்காரருக்கு ஐயர்மாரைக் கேட்கவும் கூச்சம், வைத்தியரைக் கேட்கவும் கூச்சம். நோயெதிர்ப்புக் குறைந்திருக்கும் காலத்தில் திருவிழாக் கூட்டத்துக்குப் பிள்ளையைக் கூட்டி வராதிருப்பது இறைவனுக்குக் குற்றமாகாது. விபூதியை நெற்றியில் இடலாம், வாயிற் போட வேண்டாம். மார்பில் மருந்தேற்றத் தோலின் கீழ் பொருத்தியிருக்கும் இடத்தில் பூசவும் வேண்டாம். காய்ச்சாத பாலில் ஆன அபிடேகத் தீர்த்தம், மணிக்கணக்காக வெளியில் இருந்த பஞ்சாமிர்தம் இரண்டையும் தவிர்க்க. வாய் புண்ணாகும் காலத்தில் மிளகாய்த்தூள் சேர்ந்த எதுவும் இறங்காது. ஊரிலிருந்து வரும் சூரணம், லேகியம், நூல் கட்டும்போது தரும் எண்ணெய் எதுவானாலும் வைத்தியருக்குக் காட்டாமல் கொடுக்கலாகாது. சிலவற்றில் உலோகமும் இருக்கக் கண்டிருக்கிறார்கள், சில குளிசையின் வேலையைக் குழப்பும். அருச்சனை செய்யுங்கள், நேர்த்தி வையுங்கள், தேவாரம் ஓதுங்கள். எதுவும் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்காது.

இனி, எனக்கு மிகவும் உறுத்தும் ஒரு விடயம். வைத்தியர் சொல்வதைப் பெற்றோருக்கு மொழிபெயர்க்கும் வேலை பல வீடுகளில் மூத்த பிள்ளைக்கு வந்து விழுகிறது. பன்னிரண்டு வயது அண்ணன், தன் தங்கை பிழைப்பாளா என்ற செய்தியை முதலிற் கேட்டு, அதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று தானே தீர்மானிக்கிறான். அரைவாசியை விழுங்கியும் விடுகிறான். அப்பிள்ளையின் தலையில் இப்பாரத்தை வைக்கலாமா? ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் சேவை உண்டு, குடும்பத்துக்குக் கட்டணமில்லை. தமிழ் என்று முற்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆங்கிலம் தெரிந்தவர்களும் கேட்கலாம். அலுவலகத்தில் நாள் முழுவதும் ஆங்கிலம் பேசும் எனக்கே உறவினர் ஒருவரின் பொருட்டு அந்த அறையில் இருந்தபோது சொற்கள் காதில் விழுந்தும் மனதிற் பதியவில்லை.

நோய்கொண்ட பிள்ளைக்கும் உண்மை தெரிய வேண்டும், அதன் வயதுக்கு ஏற்ற அளவில். நாம் புற்றுநோய் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் “அந்த வருத்தம்” என்போம். கதவுக்குப் பின்னால் குசுகுசுப்போம். நாலு வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கிவிடும், தான் ஏதோ குழப்படி செய்ததற்குத் தண்டனை என்று. “உன்ர ரத்தத்தில ஒரு வருத்தம். நீ ஒண்டும் செய்ததால வரேல்லை. மருந்து நோகும், ஆனால் அம்மா பக்கத்தில இருப்பன்” என்று அந்தத் தாய் சொன்னார். இதைவிடச் சிறப்பாக எனக்கு எழுதத் தெரியாது.

பணத்துக்கு வருகிறேன். வைத்தியசாலைச் செலவை ஒன்ராறியோ அரசு ஏற்கிறது. குடும்பத்தை முறிப்பது வேறு: நின்றுபோன சம்பளம், வாகனத் தரிப்பிடக் கட்டணம், பெற்றோல், வீட்டு மோட்கேஜ். ஒன்ராறியோ தொழிற் சட்டப்படி ஆறு மாதம் வேலை செய்தவருக்குக் கடும் நோயுற்ற பிள்ளையைக் கவனிக்க 37 வாரம் வரை சம்பளமற்ற விடுப்பு உண்டு. அதனால் வேலை பறிபோகாது. அக்காலத்துக்கு வேலையில்லாக் காப்புறுதியிலிருந்து 35 வாரம் வரை உதவித்தொகை கிடைக்கும். சராசரிச் சம்பளத்தில் நூற்றுக்கு 55 வீதம், ஓர் உச்ச வரம்புக்குள். வைத்தியர் அல்லது தகுதிபெற்ற தாதியின் சான்று வேண்டும். பலருக்குத் தெரியாதது என்னவெனில், இந்த வாரங்களைத் தாயும் தகப்பனும் மட்டுமல்ல, தகுதி இருந்தால் பெரியம்மா, மாமா, குடும்பத்தவர் போலக் கருதப்படும் நண்பர் ஆகியோரும் தம்முள் பங்கிட்டு எடுக்கலாம். இங்கே அம்மம்மா அப்பப்பா இல்லாத வீடுகளுக்கு இது பெரிய வாய்ப்பு.

ஆனால் கடந்த 52 வாரத்தில் 600 மணித்தியாலம் பதிவாகியிருக்க வேண்டும். இங்குதான் நம்மவர் விழுகிறார்கள். கையில் காசாக வாங்கிய வேலைக்கு மணித்தியாலம் ஏது? சொந்தத் தொழில் செய்வோர் இத்திட்டத்தில் தாமாகப் பதிந்து 12 மாதம் காத்திருந்தால்தான் உரிமை. நோய் வந்தபின் பதிந்து பயனில்லை. சுகமாயிருக்கும்போதே யோசிக்க வேண்டியது இது. ஆயுட் காப்புறுதிப் பத்திரத்தில் பிள்ளைகளுக்கான கடும் நோய்ச் சேர்க்கை இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். எடுத்ததையே மறந்திருந்தவர்களைக் கண்டிருக்கிறேன். மோட்கேஜ் ஒருமுறை தவறியபின் வங்கிக்குச் சொல்வதிலும், தவறுமுன் சொல்வது பல மடங்கு நல்லது. ஒருவழி 40 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து சிகிச்சைக்கு வருவோர் பயணச் செலவை வருமானவரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். 80ஐத் தாண்டினால் உணவும் தங்குமிடமும் சேரும். கணவன் மனைவியரில் வருமானம் குறைந்தவர் காட்டினால் பெரும்பாலும் கூடுதல் இலாபம். ஒன்ராறியோச் சிறுவர் புற்றுநோய்ச் சேவையான போகோ, உணவு, தங்குமிடம், மற்றப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கான செலவு ஆகியவற்றுக்கு உதவுகிறது. வைத்தியசாலைச் சமூக சேவகரிடம் முதல் வாரத்திலேயே கேளுங்கள். கேட்பது பிச்சையன்று.

கோயில் மூலம் நிதி சேர்க்க விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. இன்ன குடும்பத்துக்கு என்று குறித்துத் தரும் பணத்துக்குப் பதிவுபெற்ற அறநிலையம் வரிப் பற்றுச்சீட்டு வழங்க முடியாது. நிருவாகசபையோடு இதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம். நேரே கொடுங்கள். பெறுபவருக்கு அதில் வரியில்லை. பிள்ளையின் மொட்டைத் தலைப் படத்தை இணையத்திற் போட்டுச் சேர்க்குமுன் தாய் தகப்பனைக் கேளுங்கள். அப்படம் அப்பிள்ளை வளர்ந்து பெரியவளான பின்னும் அங்கேயே இருக்கும்.

பணமில்லாத உதவி அதைவிடப் பெறுமதி. “ஏதும் வேணுமெண்டால் சொல்லுங்கோ” என்றால் எவரும் சொல்லமாட்டார். “செவ்வாய் வியாழன் அண்ணனை நான் பாடசாலையால ஏத்திக்கொண்டு வாறன்” என்று சொல்லுங்கள். தங்கைக்கு எல்லோரும் பொம்மை கொண்டுவர, அந்த அண்ணன் மூலையில் இருப்பான். அவனுடைய மிருதங்க வகுப்பு நின்றுபோகாமற் பார்க்கும் ஒருவர் அந்த வீட்டுக்குப் பெரும் தொண்டு செய்கிறார். சமைத்துக் கொடுப்போர் அன்று சமைத்ததை, மூடிய பாத்திரத்தில், வாசலில் வைத்துவிட்டுப் போகலாம். உள்ளே வந்து இருந்து தேநீர் குடித்து அவர்களைக் களைக்க வைக்க வேண்டாம். பதினேழு முதல் முப்பத்தைந்து வயதுள்ள இளையோர் கனேடிய குருதிச் சேவையின் தண்டுக்கலப் பதிவேட்டில் சேரலாம். இந்நோய் கண்ட பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாற்று மச்சை தேவைப்படாது. தேவைப்படும் ஒருவருக்கு ஒத்த கொடை தன் இனத்தவரிடம் கிடைக்கும் வாய்ப்பே கூடுதல். நம் பெயர்கள் அப்பதிவேட்டில் இல்லாவிட்டால் வேறு யாரிடம் தேடுவது?

பத்தில் ஒன்பது என்று மேலே எழுதினேன். பத்தாவது பிள்ளையின் பெற்றோரும் நம் கோயிலுக்கு வருகிறவர்களே. அந்தியேட்டி முடிந்ததும் அவர்களோடு கதைக்க என்ன இருக்கிறதென்று நாம் வேறு பக்கம் திரும்பி விடுகிறோம். பிள்ளையின் பெயரைச் சொன்னால் அழுவார்களே என்று தயங்குகிறோம். அப்படி ஒரு தகப்பன் என்னிடம் சொன்னது: “பேரைச் சொல்லுங்கோ அண்ணை. நாங்கள் எப்பிடியும் அழத்தான் போறம். சொல்லாட்டில் பிள்ளை இருந்ததே பொய் மாதிரிக் கிடக்கு.”

கடைசியாக, நேர்த்திக்கடன் பற்றிப் பலர் கேட்கின்றனர். பிள்ளைக்கு மொட்டை அடிப்பதாகவோ காவடி எடுப்பதாகவோ வைத்த நேர்த்தியைச் சிகிச்சை நடக்கும்போதே நிறைவேற்ற அவசரப்பட வேண்டாம். சவரக்கத்தியின் சிறு கீறலும், அலகு குத்தும் துளையும் கிருமிக்கு வாசல். குளிசை நிறுத்தி, தோலின் கீழுள்ள பொருத்தை எடுத்து, குருதிக் கணக்குச் சரியாகிவிட்டதென்று வைத்தியர் சொல்லும்வரை பொறுக்கலாம். தடுப்பூசிகள் சிலவற்றையும் அதன்பின் மீண்டும் போட வேண்டியிருக்கும். நான் மேலே குறிப்பிட்ட பெண்பிள்ளையின் முடி இப்போது தோள் வரை வளர்ந்துவிட்டது. மொட்டைக்கு அவள் சம்மதிக்கவில்லை. முடி நுனியில் நாலு விரற்கடை கத்தரித்துக் கொடுத்தால் போதும் என்று ஐயா சொல்லிவிட்டார்.